யாரு ராஜபார்ட்டு?

திருச்சியிலிருந்து மதுரை போகிற நான்குவழிச் சாலையில் விராலிமலையைத் தாண்டினால் கொடும்பாளூர். மூவர் கோயிலைப் பார்க்க வருகிறவர்கள் காரை நிறுத்தி, மிஞ்சியிருக்கிற இரண்டு கருங்கல் விமானங்களையும் செல்போனில் பிடித்துக்கொண்டு அரை மணியில் கிளம்பிவிடுகிறார்கள். மாசி பிறந்த பிறகு வருகிறவர்கள் இந்தப் பக்கத்து டீக்கடை ஏதாவதொன்றில் சற்று உட்கார்ந்துவிட்டுப் போகலாம். எந்த ஊரில் காப்புக் கட்டியாகிவிட்டது, எங்கே மது எடுப்பு, எங்கே புரவி எடுப்பு என்று பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் டீ ஆறுவதற்குள் நாடகத்தில் வந்து நிற்கும். என்ன நாடகம் என்று அதிகம் பேர் கேட்கமாட்டார்கள். அநேகமாக வள்ளி திருமணம்தான். கேட்பது வேறு.

"யாரு ராஜபார்ட்டு?"

பதிலில் நடிகரின் பெயர் வருவதற்கு முன் ஊர் வரும். நாடகக்காரர்களை ஊரோடு சேர்த்துச் சொல்வதுதான் இங்கே வழக்கம். கேட்டவர் உதட்டைப் பிதுக்குவார். "அவருக்குத்தான் குரல் போச்சே மாப்ள. போன வருசமே கிழவன் வேசத்துல தொண்டை கட்டிக்கிருச்சு." இன்னொருத்தர் விடமாட்டார். "குரல் போனா என்ன மாமா? தர்க்கத்துல அவரை மடக்க இன்னைக்கு எவன் இருக்கான்?" இதற்குள் மூன்றாமவர், ராஜபார்ட் யாராக இருந்தால் என்ன, ஆர்மோனியம் யார் என்று சொல்லு, அதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம் என்பார். நாடகம் நடக்க இன்னும் பத்து நாள் இருக்கும். அதன் விமர்சனம் தொடங்கிவிட்டது.

லண்டனிலும் மாஸ்கோவிலும் பாலே ரசிகர்கள் செய்வதும் இதேதான். ஸ்வான் லேக் மாஸ்கோவில் முதலில் மேடையேறியது 1877இல். 1895இல் பீட்டர்ஸ்பர்க்கில் புதிதாக அமைத்த ஆட்டத்தை ஒட்டித்தான் இன்றைக்கும் பெரும்பாலான கம்பெனிகள் ஆடுகின்றன. கதை மாறாது, இசை மாறாது. அடுத்த சீசனின் அட்டவணை வெளியான அன்று ரசிகர்கள் தேடுவது எந்தத் தேதியில் எந்த ஆட்டக்காரி அன்ன வேஷம் கட்டுகிறாள் என்பதைத்தான். ஒரு கட்டத்தில் ஒற்றைக் காலில் 32 சுற்று சுற்ற வேண்டும். அதை மனசுக்குள் எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருக்கிற கூட்டம் உண்டு. மார்கழியில் சபா அட்டவணையைப் பேனாவால் வட்டம் போட்டு வைத்துக்கொள்கிற மயிலாப்பூர் மாமாக்களும் அந்தக் கூட்டத்தின் பங்காளிகள்தான்.

ஒரே ஒரு வித்தியாசம். லண்டன் ரசிகர் டிக்கெட் வாங்கலாம், வாங்காமல் இருக்கலாம், புலம்பலாம். யார் ஆடுவது என்பதைக் கம்பெனி முடிவு செய்யும். கொடும்பாளூர் வட்டாரத்து ரசிகர் தலைக்கட்டு வரி கொடுத்தவர். இந்த வருஷம் டீக்கடையில் கத்திவிட்டு, அடுத்த வருஷம் திருவிழாக் கமிட்டியில் உட்கார்ந்து அந்த நடிகரைப் பேசாமல் விட்டுவிடுவார்.

ஒத்திகையே இல்லாத கம்பெனி

ஸ்பெஷல் நாடகம் என்று பெயர் வந்த இந்தக் கலைக்குக் கம்பெனி என்று ஒன்று கிடையாது. கதாநாயகனான ராஜபார்ட் ஓர் ஊர், நாயகியான ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர், பபூன் வேறொரு மாவட்டம். ஒவ்வொரு ராத்திரிக்கும் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேச வேண்டும். இடையில் நாடக அமைப்பாளர் ஒருவர் இருப்பார். மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல், காரைக்குடி என்று நடிகர் சங்கங்கள் இருக்கின்றன. யார் எந்தத் தேதியில் எங்கே என்பது அங்கே தெரியும். இப்படிச் சேர்த்த ஆட்கள் ஒரு தடவைகூட ஒன்றாக ஒத்திகை பார்க்காமல், ராத்திரி பத்து மணிக்கு மேடையேறி விடிகிற வரை நடிக்கிறார்கள். சில ஜோடிகள் ஒருவரை ஒருவர் முதன்முதலாகப் பார்ப்பதே முகத்தில் பவுடர் பூசிய பிறகுதான். "எந்தப் பாட்டுல எடுக்குறீங்கண்ணே?" என்று ஒரு கேள்வி, "நீ ஆரம்பிம்மா, நான் பிடிச்சுக்கிறேன்" என்று ஒரு பதில். ஒத்திகை முடிந்தது.

ஆகவே நடிகர் தேர்வு என்பது நாடகத்துக்கு முந்தைய ஒரு வேலை என்று நினைத்துவிடக் கூடாது. வசனம் இன்னும் பேசப்படவில்லை, எந்தப் பாட்டு வரும் என்று யாருக்கும் தெரியாது. கையில் இருப்பது ஆட்களின் பட்டியல் ஒன்றுதான். அந்தப் பட்டியலைப் படித்து ராத்திரி முழுவதும் எப்படிப் போகும் என்று சொல்லத் தெரிந்தவர்கள் இந்தக் கிராமங்களில் இருக்கிறார்கள். இன்ன ராஜபார்ட்டுக்கு இன்ன ஸ்திரீபார்ட் என்றால் சண்டை நன்றாக இருக்கும், இன்ன நாரதரைப் போட்டால் முருகன் எடுபடமாட்டான் என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் பலிக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. இந்த மேடையின் ஆசான் சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் பிறந்து 1922இல் புதுச்சேரியில் மறைந்தவர். நாடக நடிகர் சங்கங்கள் இன்றும் அவருக்குக் குருபூஜை நடத்துகின்றன. வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் என்று மேடையில் நிற்கிற நாடகங்கள் பெரும்பாலும் அவர் கொடுத்தவை. அந்த மனிதருக்கு, எழுதியதை விட்டுவிட்டு இஷ்டத்துக்குப் பேசுகிற நடிகர்களைக் கண்டாலே ஆகாது. வளர்ந்த நடிகர்களைக் கட்டி மேய்க்க முடியாமல்தான் அவர் பாலர் சபைப் பக்கம் போனார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கி, டி.கே.எஸ். சகோதரர்கள் போன்ற பிள்ளைகளுக்கு அடியும் கொடுத்துப் பாடமும் கொடுத்துப் பயிற்றுவித்தார். அந்தக் கட்டுப்பாடான பாலர் கம்பெனிகள் சினிமா வந்ததும் ஒன்றொன்றாக மறைந்தன. அவர் நாடகங்களைக் காப்பாற்றிக் கொண்டுவந்து சேர்த்தவர்கள், அவர் கட்டி மேய்க்க முடியாது என்று விட்ட வகையறாதான்.

நோட்டீஸைப் படிப்பது எப்படி

மெல்லிய காகிதம், கண்ணைப் பறிக்கிற மஞ்சளும் சிவப்பும். தலைமாட்டில் ஊர் அம்மன் துணை. அதன்கீழ் தேதி, இடம், நாடகத்தின் பெயர். பிறகு படங்கள். மேலே ஒரு பக்கம் அயன் ராஜபார்ட் கிரீடத்தோடு, மறுபக்கம் அயன் ஸ்திரீபார்ட் நெற்றிச்சுட்டியோடு. அடுத்த வரிசையில் நாரதர், பபூன், டான்ஸ். அடிவரிசையில் ஆர்மோனியம் பின்பாட்டு, மிருதங்கம், ஆல்ரவுண்ட், தாளம். ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் ஒரு பட்டம். பேரரசு, திலகம், சக்கரவர்த்தி என்று அடைமொழியில் யாரும் ஏழை இல்லை. கடைசியில் உபயதாரர்கள் பெயர், பொடி எழுத்தில் சீன் செட்டிங், மைக் செட்.

மதுரையில் தங்கி இந்த நடிகர்களோடு பழகிய அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சீஸர் 2005இல் வெளியிட்ட புத்தகத்தில் இந்த நோட்டீஸுகளுக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறார். யார் படம் எங்கே, எந்த அளவில் என்பதில் ஒரு முறைமை இருக்கிறது என்பதை அவர் விரிவாகப் பார்த்திருக்கிறார். ஊரில் இதைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. படத்தின் அளவு ஒரு விரற்கடை குறைந்தால் கோபித்துக்கொள்கிற நடிகர்கள் உண்டு, அதைக் கவனித்து நமக்குச் சொல்கிற ரசிகர்களும் உண்டு.

பழகின கண்ணுக்கு நோட்டீஸில் தெரிவது நிறைய. படத்தில் இருக்கிற முகத்துக்கும் மேடையில் வரப்போகிற முகத்துக்கும் இடையில் எத்தனை வருஷம் என்று கணக்குப் போடுவார்கள். முந்தின நாள் அந்த நடிகருக்கு எந்த ஊரில் நாடகம் என்று விசாரிப்பார்கள். ராமநாதபுரம் பக்கம் விடிய விடிய நடித்துவிட்டு பஸ் ஏறி வருகிறவர் இங்கே என்ன பாடிவிடுவார் என்று கவலைப்படுவார்கள். சீசன் மாசியில் தொடங்கி ஆடி வரைக்கும் போகும்; பங்குனி, சித்திரையில் பேர் பெற்றவர்களுக்கு ஒரு ராத்திரிகூட ஓய்வு கிடைக்காது. அந்த மாதங்களில் பெரிய பெயரைப் போடுவதைவிட, ஓய்ந்த குரல் இல்லாத நடுத்தரப் பெயரைப் போடுவதுதான் புத்தி என்று சொல்கிற ஒரு கட்சி இருக்கிறது. நான் அந்தக் கட்சி.

பெரிய சண்டை வருவது, நோட்டீஸில் ஒருவர் இருந்து மேடையில் இன்னொருவர் வந்தால். பாலே அரங்குகளில் காலில் அடிபட்ட ஆட்டக்காரிக்குப் பதில் யார் என்று ஒரு துண்டுச் சீட்டைச் செருகிவிடுவார்கள், பார்க்க வந்தவர்கள் பெருமூச்சு விட்டுவிட்டு உட்கார்ந்துகொள்வார்கள். இங்கே மைக்கில் யாராவது "தவிர்க்க முடியாத காரணத்தால்" என்று ஆரம்பித்தாலே ஆண்கள் பக்கத்திலிருந்து சத்தம் வந்துவிடும். அமைப்பாளர் மேடைக்குப் பின்னால் கைகட்டி நிற்பார். விஷயம் சங்கம் வரைக்கும் போகும். அடுத்த வருஷம் அந்த அமைப்பாளருக்கு அந்த ஊரில் வேலை இருக்காது.

கொடும்பாளூர் வழியாக ஒரு கோவலன்

இந்த ஊர் சும்மா பஸ் நிற்கிற இடம் இல்லை. சிலப்பதிகாரத்தில் மாங்காட்டு மறையவன் கோவலனுக்கு மதுரைக்கு வழி சொல்லும்போது, கொடும்பையின் பெரிய குளக்கரையில் பாதை சிவபெருமான் சூலம்போல மூன்றாகப் பிரியும் என்கிறான். அந்தக் கொடும்பைதான் கொடும்பாளூர் என்று சொல்கிறார்கள். பின்னால் இருக்குவேளிர் இங்கிருந்து ஆண்டார்கள், பூதி விக்கிரமகேசரி மூவர் கோயிலைக் கட்டினான், அறுபத்துமூவரில் ஒருவரான இடங்கழி நாயனாரும் இந்த ஊர்தான். மதுரைக்கும் சோழநாட்டுக்கும் நடுவில் இருக்கிற ஊருக்கு இரண்டு பக்கத்து ஆட்டக்காரர்களும் வந்துதான் தீர வேண்டும்.

1930களிலும் 40களிலும் இந்தப் பக்கம் இன்னொரு விதத்திலும் எல்லையாக இருந்தது. வடக்கே திருச்சி, எம்.கே. தியாகராஜ பாகவதரின் ஊர். கிழக்கே புதுக்கோட்டை, பி.யு. சின்னப்பாவின் ஊர். இரண்டு பேருமே நாடக மேடையில் வளர்ந்தவர்கள். பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் மேடையில் நடித்துப் பேர் வாங்கிய பவளக்கொடிதான் 1934இல் கே. சுப்ரமணியம் இயக்கத்தில் படமாகி இருவரையும் சினிமாவுக்குக் கொண்டுபோனது. சின்னப்பா 1942இல் வந்த கண்ணகியில் கோவலனாக நடித்தார். பாகவதர் கட்சி, சின்னப்பா கட்சி என்று இரண்டு பட்ட அந்தக் காலத்து ரசிகர்கள் அந்தச் சண்டையை சினிமாக் கொட்டகையில் கற்றுக்கொள்ளவில்லை. அதற்கு முன்பே நாடகக் கொட்டகையில் பழகியிருந்தார்கள். கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் நாடகத்துக்கு ரசிகர்கள் வர ஸ்பெஷல் ரயிலே விட்டார்கள், அதற்குப் பாலாமணி ஸ்பெஷல் என்றே பேர் நின்றது என்றால், நடிகரைப் பார்த்து நாடகத்துக்குப் போகிற பழக்கம் எவ்வளவு பழசு என்று பார்த்துக்கொள்ளலாம்.

ஜோடிக்காகப் போன கூட்டமும் உண்டு. கே.பி. சுந்தராம்பாளும் எஸ்.ஜி. கிட்டப்பாவும் 1926இல் கொழும்பில் சேர்ந்து நடிக்கத் தொடங்கினார்கள். இரண்டு பேருக்கும் உச்சத்தில் நிற்கிற குரல். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்தால் கொட்டகை தாங்காது என்பார்கள். 1933இல் கிட்டப்பா போய்விட்டார். அதன்பிறகு சுந்தராம்பாள் எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்து, கடைசி வரை காப்பாற்றினார். ஜோடி என்பதை ரசிகர்கள் எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டார்களோ, அதைவிடப் பெரிதாக அவர் எடுத்துக்கொண்டார்.

எல்லா ஜோடிப் பேச்சும் கலையைப் பற்றியதாக இருந்ததில்லை. 1886இல் சிவகாசியில் பிறந்த விஸ்வநாததாஸ், முருகன் வேஷத்திலேயே வெள்ளைக்காரனைக் கேலி செய்து பாடிவிட்டு மேடையிலிருந்து நேரே ஜெயிலுக்குப் போனவர். அவர் பிறந்தது மருத்துவர் குலத்தில். அதைச் சொல்லி அவரோடு ஜோடி சேர மறுத்த நடிகைகள் இருந்தார்கள். எவ்வளவு பெரிய பாடகனாக இருந்தாலும் பட்டியலில் பெயர் எங்கே வரலாம் என்பதைச் சாதி தீர்மானித்த மேடை இது. 1940 டிசம்பர் 31 ராத்திரி, சென்னை ராயல் தியேட்டரில், வள்ளி திருமண முருகனாக மயில் ஆசனத்தில் பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் போயிற்று. இன்றைக்கு எல்லா ஊர் நாடகக்காரர்களும் அவர் பெயரைக் கும்பிட்டுச் சொல்கிறார்கள். ஆனாலும் நோட்டீஸ் பேச்சில், தாழ்ந்த குரலில், "அவுக என்ன ஆளுக?" என்ற கேள்வி இன்னும் முழுசாக ஓயவில்லை. ரசிகர்களின் ரசனையைப் புகழ்கிறபோது இதையும் சொல்லியாக வேண்டும்.

பின்னிரவுத் தர்க்கம்

எந்த ஆளைப் போட்டோம் என்பதன் பலன் தெரிவது தர்க்கத்தில். பபூனும் டான்ஸும் முடிந்து, நாரதர் வந்து வள்ளியை வம்புக்கு இழுத்துவிட்டுப் போன பிறகு, தினைப்புனத்துப் பரணில் வள்ளி நிற்கிறாள். வேடனாக முருகன் வருகிறான். அடிபட்ட மான் ஒன்று இந்தப் பக்கம் ஓடிவந்ததா என்கிறான். அவ்வளவுதான் கதை. இனி ஒன்றரை மணி நேரம் இரண்டு பேரும் பேசியும் பாடியும் ஒருவரை ஒருவர் மடக்க வேண்டும். முருகன் சைவசித்தாந்தத்திலிருந்து ஒரு கேள்வி போட்டால் வள்ளி திருக்குறளில் பதில் வைத்திருக்க வேண்டும். அவன் மோகனத்தில் எடுத்தால் அவள் அதிலேயே வாங்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆர்மோனியக்காரர் இரண்டு பேர் சுருதிக்கும் நடுவே அல்லாடிக்கொண்டு, யாருக்கு மூச்சு வாங்குகிறதோ அவருக்குப் பின்பாட்டில் முட்டுக்கொடுத்துக்கொண்டிருப்பார்.

பெண்ணென்றால் இளப்பமா என்று வள்ளி ஒரு கேள்வியில் முருகனை நிறுத்திவிட்டால் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பும். சாக்கை விரித்துச் சாயங்காலமே இடம் பிடித்து உட்கார்ந்தவர்கள் அவர்கள். ஆண்கள் பக்கத்திலிருந்து யாராவது எழுந்து போய் ரூபாய் நோட்டை வள்ளியின் தாவணியில் ஊக்கால் குத்திவிட்டு வருவார். மைக்கில் அவர் பெயரும் அப்பா பெயரும் அறிவிப்பார்கள். உடனே முருகன் கட்சிக்காரர் ஒருவர் அதைவிடப் பெரிய நோட்டோடு எழுந்திருப்பார். எந்தப் பத்திரிகையும் இந்த நாடகங்களுக்கு விமர்சனம் எழுதுவதில்லை. ஊக்கில் குத்தின நோட்டும், விடிந்ததும் குளத்தங்கரையில் நடக்கிற பேச்சும்தான் விமர்சனம்.

பபூன் விஷயத்தில் ஊர் இரண்டாகத்தான் நிற்கிறது. நோட்டீஸைப் பார்த்ததும் இளவட்டங்கள் முதலில் தேடுவது டான்ஸ் யார், பபூன் யார் என்று. பெரியவர்கள் நாடகமே கெட்டுப்போனதற்கு அதுதான் காரணம் என்பார்கள். இரட்டை அர்த்தம் அத்துமீறிப் போவது உண்மை. ஆனால் நல்ல பபூன் ஒருவர் மைக்கைப் பிடித்தால் ஊர்ப் பெரிய மனிதர் தொடங்கி மந்திரி வரைக்கும் யாரும் தப்ப முடியாது, அதற்குப் பொய்யாகவேனும் கோபித்துக்கொள்கிற அதே பெரியவர்கள் விடிந்தபிறகு அதைத்தான் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். டான்ஸுக்கு வருகிற பெண் பாட்டிலும் தேர்ந்தவராக இருந்தாலும் நோட்டீஸ் பேச்சில் அவரைப் பற்றி வருகிறது உடம்பைப் பற்றிய பேச்சு மட்டும்தான். அவர் பாடுவார் என்று சொல்கிறவர்கள் குறைவு.

கொரோனாவில் 2020, 2021 இரண்டு சீசனும் அநேகமாகப் போயிற்று. அதற்குப் பிறகு யூடியூப் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறது. முழு ராத்திரி நாடகங்களே அதில் கிடைக்கின்றன. கமிட்டிக்காரர்கள் முன்பு பக்கத்து ஊருக்கு நடந்து போய், தரையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து ஆள் பேசினார்கள். இப்போது செல்போனில் பத்து நிமிஷம் தர்க்கம் கேட்டுவிட்டுப் பேசுகிறார்கள். இதனால் ஒரு பத்துப் பன்னிரண்டு முகங்களே எல்லா நோட்டீஸிலும் திரும்பத் திரும்ப வருகின்றன. செல்போனில் ஏறாத நல்ல ஸ்திரீபார்ட்டுகள் சித்திரையிலும் வீட்டில் இருக்கிறார்கள். நடிகர்களுக்கும் இதில் ஒரு சங்கடம் உண்டு: போன வாரம் இன்னொரு ஊரில் சொன்ன பதிலை இந்த ஊர்ப் பையன்கள் ஏற்கெனவே மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறார்கள். பழைய பதிலையே சொன்னால் முன்வரிசையிலிருந்து அடுத்த வரியை அவர்களே சொல்லிவிடுகிறார்கள். இது மட்டும் நல்லதுக்குத்தான் என்று எனக்குப் படுகிறது.

இந்த சீசனில் எல்லா ஊரிலும் அடிபடுகிற பேச்சு அரை நாடகம். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு விதி. நாடகம் தொடங்குவதே பத்து மணிக்கு. காவல் நிலையத்தில் அனுமதி வாங்கும்போது ஒவ்வோர் ஊருக்கும் ஒவ்வொரு நிபந்தனை. விடிந்தால் வேலைக்குப் போக வேண்டியவர்களும் முன்பைவிட அதிகம். இரண்டு மணிக்குள் முடித்துக்கொள்ளலாம் என்று பல கமிட்டிகள் யோசிக்கின்றன. அப்படியானால் எதை வெட்டுவது? பபூன், டான்ஸை வெட்ட இளவட்டங்கள் விடமாட்டார்கள். தர்க்கத்தில் கைவைத்தால் பெரியவர்கள் வரி கொடுக்கமாட்டார்கள். மிச்சம் இருப்பது கிழவன் கட்டம். இதுவரை கிரீடமும் மாலையும் குரலுமாக நின்ற ராஜபார்ட், நரைத்த தாடி வைத்துக்கொண்டு, இருமி, தடுமாறி, தேனும் தினைமாவும் கேட்டு வள்ளியின் முன்னால் வந்து நிற்கிற இடம். அழகும் உதவாது, உச்சக்குரலும் உதவாது. ராஜபார்ட்டுக்கு நடிக்கத் தெரியுமா என்பது அங்கேதான் தெரியும். ஆனையாக விநாயகர் வரப்போகிறார் என்று ஆல்ரவுண்டுக்காரர் டிரம்மில் உறுமலைத் தொடங்கும்போது, கிழவன் கண்ணில் ஒரு நொடி குமரன் எட்டிப்பார்த்துவிட்டு மறைய வேண்டும். அதைச் செய்கிற ராஜபார்ட்டுகள் இன்னும் இருக்கிறார்கள். எந்த ஊர் நோட்டீஸில் அவர்கள் பெயர் இருந்தாலும் பஸ் பிடித்துப் போகிற ரசிகர்களும் இருக்கிறார்கள்.

அந்தக் கட்டம் வருவது ராத்திரி மூணு மணிக்கு மேல். பெண்கள் பக்கம் விழித்திருக்கும். ஆண்கள் பக்கம் பாதி சாய்ந்திருக்கும். கிழவன் வேஷத்தை எடுத்துவிட்டால் என்ன நஷ்டம் என்று கேட்கிற கமிட்டிக்காரர்களில் பெண்கள் ஒருவரும் இல்லை. தலைக்கட்டு வரி வீட்டுக்கு வீடு வாங்குகிறார்கள், ஆள் பேசப் போகும்போது மட்டும் வேட்டிகள்தான் போகின்றன. பெண்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், எதை வெட்டலாம் என்று அவர்கள் யோசிக்காமல் சொல்லியிருப்பார்கள்: நாடகம் தொடங்குவதற்கு முன்னால் முக்கால் மணி நேரம் நடக்கிற பொன்னாடை போர்த்தலை.